ஆச்சியை மாற்றியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொடரின் தயாரிப்பாளர், இயக்குநர், வசனகர்த்தா, சேனலின் நிகழ்ச்சிப் பிரிவுப் பொறுப்பாளர் ஆகியோருக்கு,

ஒரு நெல்லை வீட்டு ஆச்சியை வைத்து நீங்கள் எடுக்கும் சிட்காமின், அதாவது வாராவாரம் வரும் நகைச்சுவைத் தொடரின், இரண்டாம் பாகத்து முதல் எபிசோடில், டைட்டில் முடிந்ததும், பழைய ஆச்சியின் படமும் புதிய ஆச்சியின் படமும் பக்கம் பக்கமாக வந்தன. கீழே ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி. எண்ணிப் பார்த்தால் 4 நொடி. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இந்த ஊர் சனம் வீட்டு ஆளாகவே நினைத்திருந்த ஒரு கிழவியை அந்த 4 நொடியில் கைமாற்றி விட்டீர்கள். அதற்கப்புறம் ஒளிபரப்பான 9 எபிசோடுகளையும் ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறோம்.

தொடரின் பெயரையும் இரண்டு நடிகைகளின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறோம். எங்கள் மனத்தாங்கல் எந்த ஆளோடும் இல்லை. நீங்கள் எடுத்த முடிவோடும், அதை நிறைவேற்றிய விதத்தோடும்தான். திருநெல்வேலி டவுன், பாளையங்கோட்டை, பேட்டை, மேலப்பாளையம், சேரன்மகாதேவி என்று பல பக்கத்திலிருந்து சேர்ந்து எழுதுகிறோம். மேடை நாடகம், வானொலி நாடகம், டப்பிங் என்று குரலை வைத்துப் பிழைத்தவர்களும், பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்களும் எங்களில் உண்டு. அதனால் ‘பிடிக்கவில்லை’ என்று ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொள்ள எங்களால் ஆகாது.

ஆளை மாற்றியதே குற்றம் என்று நாங்கள் சொல்லவில்லை. நடிகர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போகும். கால்ஷீட் ஒத்துவராது. சம்பளம் ஒத்துவராது. சிலர் இறந்தும் போகிறார்கள். ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று மறைந்தார். அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். யார் வந்திருந்தாலும் சனம் ஒப்பிட்டுத்தான் பார்த்திருக்கும். ஆனால் ஏன் மாறியது என்று வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. காரணம் தெரிந்துவிட்டால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. நீங்கள் எங்களிடம் எந்தக் காரணமும் சொல்லவில்லை.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் ‘பிவிட்ச்ட்’ என்ற சிட்காம் 1964 முதல் 1972 வரை ஓடியது. மாயவித்தைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்ட விளம்பரக் கம்பெனிக்காரன் டாரினாக டிக் யார்க் ஐந்து சீசன் நடித்தார். முன்பு ஒரு படப்பிடிப்பில் முதுகில் பட்ட அடி அவரை விடவே இல்லை, 1969-இல் விலகினார். அடுத்த சீசனில் டிக் சார்ஜன்ட் அதே டாரினாக வந்து நின்றார். கதைக்குள் அதற்கு ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. 50 வருடத்துக்கு மேலாகியும் ‘முதல் டாரினா, இரண்டாவது டாரினா’ என்ற பேச்சு ஓயவில்லை. ஆனாலும் அந்தத் தொடர் இன்னும் மூன்று சீசன் தாங்கியது. சுற்றி இருந்தது எதுவும் அறுந்துபோகாததுதான் அதற்குக் காரணம் என்பது எங்கள் கணிப்பு. மாமியார் எண்டோராவாக நடித்த ஆக்னஸ் மூர்ஹெட் பழைய மருமகன் பெயரைத் தப்புத் தப்பாகச் சொன்ன மாதிரியே புது மருமகன் பெயரையும் சொன்னார். அந்தப் பகை அப்படியே தொடர்ந்தது.

‘தி ஃப்ரெஷ் பிரின்ஸ் ஆஃப் பெல்-ஏர்’ தொடரில் 1993-இல் ஜேனட் ஹியூபர்ட் போய், டாஃப்னி மேக்ஸ்வெல் ரீட் அந்த வீட்டம்மா விவியனாக வந்தார். புது விவியன் வந்த முதல் எபிசோடிலேயே கதாநாயகனின் கூட்டாளி அவரைப் பார்த்து, ‘குழந்தை பிறந்ததிலிருந்து உங்களிடம் ஏதோ மாறியிருக்கிறது’ என்கிறான். கதாநாயகன் திரும்பி நேரே கேமராவைப் பார்க்கிறான். உங்களுக்குத் தெரிந்தது எங்களுக்கும் தெரியும் என்று பார்க்கிறவர்களிடம் ஒப்புக்கொள்கிற மரியாதை அது. உங்கள் 4 நொடி கார்டில் அந்த மரியாதை இல்லை.

நெடுந்தொடரில் ஆள் மாறினால் அடுத்து என்ன நடக்கும் என்ற கதையின் இழுப்பு பார்க்கிறவரைக் கொண்டுபோய்விடும். சிட்காமில் அந்த இழுப்பு கிடையாது. ஒவ்வொரு வாரமும் கதை அங்கேயே ஆரம்பித்து அங்கேயே முடியும். ஆச்சி இப்படித்தான் பதில் சொல்லுவாள் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதால்தான் நாம் சிரிக்கிறோம். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே பாதிச் சிரிப்பு வந்திருக்கும். ஆகவே சிட்காமில் ஒருவருக்குப் பதில் இன்னொருவரைப் போடும்போது முகத்தைவிட முக்கியமாகக் கைமாற வேண்டியது அவருடைய தாளம். நீங்கள் தொலைத்தது அதைத்தான்.

அந்த உரலையே எடுத்துக்கொள்வோம். முதல் பாகத்தில் ஆச்சி தார்சாவில் (வீட்டின் முன்பகுதியில்) கால் நீட்டி உட்கார்ந்திருப்பாள். மடியில் சுருக்குப் பை. முன்னால் கையகலத்துக்கு ஓர் இரும்பு உரல், வெற்றிலை பாக்கு இடிக்க. பேரன் வந்து நிற்பான்.

“ஆச்சி, ஆயிரம் ரூவா வேணும்.”

ஆச்சி நிமிர மாட்டாள். டொக். டொக். மூன்றாவது இடிக்கு உலக்கை மேலே போய் அங்கேயே நிற்கும். அப்போதுதான் கண் உயரும்.

“தாத்தாட்ட கேளுலே. போட்டோலதான இருக்காவ, எங்கயும் போயிர மாட்டாவ.”

சொல்லி முடித்த பிறகுதான் அந்த மூன்றாவது இடி விழும். டொக். அதிலேயே ஷாட் கட் ஆகும். அதற்குப் பிறகே சிரிப்பொலி.

இரண்டு இடி கேட்டதும் காது மூன்றாவதற்குக் காத்திருக்கும். அதைக் கொடுக்காமல் நிறுத்தி, அந்த இடைவெளியில் வசனத்தை வைப்பார் பழைய நடிகை. மூன்றாவது இடி முற்றுப்புள்ளி. அவர் இதைக் கணக்குப் பார்த்துச் செய்தாரா, கை தானாகச் செய்ததா, அது எங்களுக்குத் தேவையில்லை. முதல் பாகத்தில் எந்த எபிசோடை எடுத்தாலும் இந்த அளவு பிசகாது.

இரண்டாம் பாகத்தில் அதே வசனத்தை, நினைவூட்டுகிற மாதிரி, முதல் எபிசோடிலேயே வைத்தீர்கள். புதிய ஆச்சி இடித்துக்கொண்டே பேசுகிறார். இரும்பில் இரும்பு படுகிற சத்தம் ‘போட்டோ’ என்ற சொல்லின் மேலேயே விழுகிறது. ‘போட்டோ’ காதில் விழாவிட்டால் அந்த வசனத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை. எடிட்டர் வேறு வழியில்லாமல் இடிச் சத்தத்தைக் குறைத்திருக்கிறார். உலக்கை இறங்குவது தெரிகிறது, சத்தம் தலையணையில் குத்துகிற மாதிரி வருகிறது. சிரிப்பொலியோ வசனம் முடிவதற்குள் வந்து ‘மாட்டாரு’ மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஒரே வசனம், ஒரே உரல், ஒரே தார்சா. இருந்தும் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

இந்த ‘மாட்டாரு’ சாதாரணப் பிசகு அல்ல. பழைய ஆச்சி செத்துப்போன புருசனைக் கிண்டல் செய்யும்போதுகூட ‘இருக்காவ’ என்றுதான் சொல்லுவாள். கிண்டலும் மரியாதையும் ஒரே மூச்சில் வருவதுதான் அந்தக் கிழவி. நெல்லைப் பக்கத்துப் பெண்கள் புருசனை ‘அவிய’ என்பார்கள். ‘வந்தாவ’, ‘சொன்னாவ’, ‘சாப்பிட்டாவ’ என்பார்கள். நாற்பது வருடம் கூட வாழ்ந்து, சண்டையும் போட்டு, இப்போது போட்டோவுக்குப் பூப்போடுகிறவளின் வாயில் ‘இருக்காரு’ என்று வைத்தால் அது பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது. ‘அவிய’ போனதோடு தாத்தாவும் அந்த வீட்டை விட்டுப் போய்விட்டார்.

பேச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் எழுதுகிற நெல்லைத் தமிழ் என்பது சென்னைத் தமிழ் வாக்கியத்தின் வாலில் ‘லே’ ஒட்டியது. இந்தப் பேச்சுக்கு இலக்கணம் இருக்கிறது. நிகழ்காலத்தைப் பாருங்கள். எழுத்துத் தமிழில் ‘க்கிறேன்’ என்று முடியும் வினைகள் இங்கே சுருங்கும்: பார்க்கிறேன் ‘பாக்கேன்’ ஆகும், கேட்கிறேன் ‘கேக்கேன்’, நடக்கிறேன் ‘நடக்கேன்’. வெறும் ‘கிறேன்’ வருகிற வினைகளில் ‘து’ ஏறும்: சொல்கிறேன் ‘சொல்லுதேன்’, செய்கிறேன் ‘செய்யுதேன்’, ஓடுகிறேன் ‘ஓடுதேன்’. வாரேன், போறேன் தனி வழி. புதிய ஆச்சி ‘சொல்றேன்லே’, ‘பாக்குறேன்லே’ என்கிறார். எந்த ஊரிலும் அப்படிப் பேசுகிற கிழவி கிடையாது.

எதிரே நிற்பவரிடம் மரியாதையாகப் பேசும்போது ‘வந்தியளா’, ‘சொன்னியளா’, ‘என்ன செய்யுதிய’ என்று வரும். திட்டுவது இங்கே ‘ஏசுறது’. மறந்துவிட்டது ‘அயத்துப் போச்சு’. வேலை ‘சோலி’. மெதுவாக என்றால் ‘பைய’. பைத்தியக்காரி என்று கோபத்திலும் சொல்லுவோம், கொஞ்சலிலும் சொல்லுவோம். ஆனால் சொல் ‘கோட்டிக்காரி’. இத்தனையும் முதல் பாகத்தில் இருந்தது. யாரும் அதற்கு அர்த்தம் கேட்கவில்லை. சேலத்திலும் தஞ்சாவூரிலும் பார்த்தவர்களுக்கும் புரிந்தது.

‘லே’க்கு வருவோம். அது யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்பதில் இந்த ஊர் கறாரானது. வயதில் சின்ன ஆம்பிளைப் பிள்ளையிடம், கூட்டாளியிடம் சொல்லலாம். அதில் பாசம் இருக்கிறது. பெரியவரிடம் சொன்னால் அடிதடி. மருமகளிடம் ‘ஏட்டி’. புதிய ஆச்சி மூன்றாவது எபிசோடில் மருமகளைப் பார்த்து ‘வாலே, சோறு போடு’ என்கிறார். ஐந்தாவதில் தன்னைவிடப் பெரியவரான கடைக்கார அண்ணாச்சியிடம் ‘என்னலே விலை’ என்கிறார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் பெரியவர்கள் எழுந்து போய்விட்டார்கள். நீங்கள் சிரிக்க வைத்த இடம் எங்களுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது.

நாலாவது எபிசோடில் ஆச்சி ‘ஏனுங்க’ என்றார். அது கோயம்புத்தூர்ப் பக்கம். ஆறாவதில் ‘அப்டிண்டு சொன்னேன்’ என்றார். அந்த ‘ண்டு’ மதுரைக்காரர்களுடையது. எந்த வட்டாரப் பேச்சும் இன்னொன்றுக்குத் தாழ்ந்ததில்லை. ஆனால் ஒரே வாய்க்குள் மூன்று ஜில்லா இருக்க முடியாது.

இது ஏன் நடக்கிறது என்றும் எங்களுக்கு ஓரளவு புரிகிறது. வசனத்தாள் ஸ்பாட்டுக்கு வருகிறபோதே காலை மணி பத்தாகியிருக்கும். படித்து மனதில் ஏற்ற நேரம் இல்லை. கேமராவுக்குப் பின்னால் உதவி இயக்குநர் நின்று ஒவ்வொரு வரியாகச் சத்தமாகச் சொல்லச் சொல்ல, ஆர்ட்டிஸ்ட் திருப்பிச் சொல்லுகிறார். அப்படி பிராம்ப்டிங் கேட்டுப் பேசும்போது நடிகையின் வாயிலிருந்து வருவது உதவி இயக்குநரின் ஏற்ற இறக்கம். அவர் எந்த ஊரோ, அந்த எபிசோடில் ஆச்சியும் அந்த ஊர். ஒரு வரி முடிந்து அடுத்த வரி காதில் விழும்வரை ஒரு காத்திருப்பு இருக்கிறதே, அது புதிய ஆச்சியின் கண்ணில் தெளிவாகத் தெரிகிறது: பேரன் முகத்தில் இருக்க வேண்டிய பார்வை ஒரு கணம் கேமராவுக்கு இடதுபக்கம் போய்வருகிறது. நகைச்சுவைக்கு இதைவிடக் கேடு கிடையாது.

உடை, ஒப்பனைக்கு வருகிறோம். பாம்படம் என்பது கம்மல் அல்ல. தங்கத் தகட்டுக்குள் அரக்கு ஏற்றிச் செய்வது. சின்ன வயதிலிருந்து காது வளர்த்த பெண்கள் போட்டுக்கொண்டது. சோணை (காதின் கீழ்நுனி) தோள்வரை தொங்கினால்தான் பாம்படம் பாம்படமாகத் தெரியும். முதல் பாகத்தில் உங்கள் ஒப்பனையாளர் ரப்பர் சோணை ஒன்று செய்து, நிஜக் காதின் கீழ் விளிம்பில் ஒட்டி, ஒட்டின இடத்தை நிறம் தடவி மறைத்து, அதில் கனமான பாம்படத்தைத் தொங்கவிட்டிருந்தார். ஆச்சி தலையைத் திருப்பினால் காது கொஞ்சம் பிந்தித் திரும்பும். அந்தப் பிந்தலிலேயே ஒரு சிரிப்பு இருந்தது. இப்போது குட்டைக் காதில் கொக்கி மாட்டி, கனமில்லாத கவரிங்கைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். குளோஸப்பில் கொக்கி தெரிகிறது. காற்றாடி ஓடினால் பாம்படம் பறக்கிறது.

நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பழைய நடிகை கறுப்பு. வெயிலில் வயலுக்கும் ஆற்றுக்கும் போய்வந்த கிழவியின் நிறம். நீங்கள் சிவப்பான ஒருவரைக் கொண்டுவந்து, முகத்தில் கறுப்பு மேக்கப் பூசி உட்கார வைத்திருக்கிறீர்கள். முகத்துக்கு ஒரு நிறம், கழுத்துக்கு ஒரு நிறம். உலக்கையைத் தூக்கும்போது சேலை விலகி முழங்கைக்கு மேல் வேறு நிறம். விவியன் மாறியபோதும் கறுப்பு நிற நடிகைக்குப் பதில் வெளிறிய நிறத்தவரைப் போட்டதை அமெரிக்கப் பார்வையாளர்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஜில்லாவில் கறுப்பான, நடிக்கத் தெரிந்த, அறுபது தாண்டிய பெண்களுக்குப் பஞ்சமா? கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டுக்குப் பின்பாட்டுப் பாடுகிறவர்களில் தேடியிருக்கலாம். மேடை நாடகக் குழுக்களில் தேடியிருக்கலாம். தேடினீர்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வீடும் மாறிவிட்டது. முதல் பாகத்தில் தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை, புறவாசல் என்று ஒவ்வோர் இடத்துக்கும் பெயர் இருந்தது. ஆச்சி அந்தப் பெயர்களைச் சொல்லியே ஆட்களை விரட்டுவாள். இப்போது ‘ஹால்ல இரு’, ‘கிச்சனுக்குப் போ’. அடுக்களைக் காட்சிகளில் கை பேச வேண்டும். ஏழாவது எபிசோடில் மறுவீட்டு விருந்துக்கு ஆச்சி சொதி வைக்கிறாள். ஊருக்கே சொதி வைத்துப் பேர் வாங்கியவள் என்று முதல் பாகத்திலேயே நிலைநாட்டப்பட்ட ஆள். தேங்காய்ப்பாலை மூன்று தரம் பிழிந்து, மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காயையும் வெந்த பாசிப்பருப்பையும் கொதிக்கவிட்டு, கடைசியில் கெட்டியான முதல் பாலை ஊற்றி, நுரை கூடி வரும்போதே அடுப்பை அணைக்க வேண்டும். எலுமிச்சை அணைத்த பிறகு. புதிய ஆச்சி தளதளவென்று கொதிக்கிற சட்டியில் முதல் பாலை ஊற்றி, கொதிக்கவிட்டுக் கிண்டி, அடுப்பு எரியும்போதே எலுமிச்சை பிழிகிறார். திரிந்துதான் போயிருக்கும். அடுத்த காட்சியில் சம்பந்தி வீட்டார் அதைச் சாப்பிட்டுவிட்டு ‘இப்படி ஒரு சொதியா’ என்று புகழுகிறார்கள். ஸ்பாட்டில் ஊர்க்காரர் ஒருவர் நின்றிருந்தால் போதும், இது நடந்திருக்காது.

இவ்வளவையும் எழுதிவிட்டு ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். புதிய நடிகை மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. வேறு தொடர்களில் அவர் நன்றாக நடித்ததைப் பார்த்திருக்கிறோம். எட்டாவது எபிசோடில் வசனமே இல்லாமல், தாத்தா போட்டோவைத் துடைக்கிற காட்சியில், முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அதே முந்தானையால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டார். அந்த ஒரு நிமிடம் ஆச்சி திரும்பி வந்துவிட்டாள் என்றே எங்களுக்குத் தோன்றியது. பேசாதபோது அவரால் முடிகிறது. பேச்சைத் தயார்செய்து கொடுக்காமல் அவரை நீங்கள் தனியாக விட்டுவிட்டீர்கள். அவரை வயதையும் ஊரையும் சொல்லி ஏசுகிறவர்களுக்கும் இந்த மடலிலேயே சொல்லிவிடுகிறோம்: அது தப்பு, நிறுத்துங்கள். கேட்க வேண்டிய இடம் அவர் இல்லை.

கடைசியாக ஒரு குறை. இது எங்களை அதிகமாக நோகடித்தது. மதியம் மறுஒளிபரப்பாகிற முதல் பாகத்தின் டைட்டிலையும் மாற்றியிருக்கிறீர்கள். ஆச்சி பெயர் வருகிற இடத்தில் புதிய நடிகையின் முகமும் பெயரும். டைட்டில் முடிந்து காட்சி வந்தால் தார்சாவில் உட்கார்ந்திருப்பது பழையவர். அவர் உட்கார்ந்திருக்கிற எபிசோடிலேயே அவர் பெயர் இல்லை. இதற்கு எந்த நியாயமும் எங்களுக்குத் தென்படவில்லை.

நாங்கள் கேட்பது இவைதான்.

அந்த டைட்டிலை இந்த வாரமே பழையபடி மாற்றுங்கள். இதற்குப் படப்பிடிப்பு வேண்டாம், கால்ஷீட் வேண்டாம். பழைய டைட்டில் உங்கள் கையில்தான் இருக்கிறது.

பழைய நடிகை ஏன் வரவில்லை என்பதை, அவர் சம்மதித்தால் மட்டும், இயக்குநரே ஒரு நிமிடம் திரையில் தோன்றிச் சொல்ல வேண்டும். அவர் சொல்ல வேண்டாம் என்றால் அதையே சொல்லுங்கள்: ‘அவர் வரவில்லை, காரணம் அவருடைய சொந்த விஷயம், இதுவரை அவர் தந்ததற்கு நன்றி.’ எங்களுக்கு அது போதும். நன்றி என்ற சொல் அந்தக் கார்டில் இல்லாததுதான் குறை.

கதைக்குள் ஓர் ஒப்புதல் வையுங்கள். இனிமேல்கூட வைக்கலாம். ஆச்சி மும்பையில் மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வரட்டும். பேரன் உற்றுப் பார்த்து, ‘ஆளே ஒரு மாதிரி இருக்கியே ஆச்சி’ என்று கேட்கட்டும். டொக். டொக். ‘கண்ணாடி மாத்திருக்கேம்லே.’ டொக். அந்த இடத்தில் நாங்கள் சிரித்துவிடுவோம், அதோடு மன்னித்தும் விடுவோம்.

பேச்சுக்கு இரண்டு வழி உண்டு. புதிய நடிகையே பேசுவதென்றால், நெல்லைக்காரர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்து, ஒவ்வொரு ஷெட்யூலுக்கும் முன்னால் இரண்டு நாளாவது வசனத்தை வாய்விட்டு வாசிக்க வையுங்கள். ஸ்பாட்டில் பிராம்ப்டிங் தவிர்க்க முடியாதென்றால் அதையும் அந்த நெல்லைக்காரரே செய்யட்டும். அது முடியாவிட்டால் குரலை மட்டும் இங்கத்திய டப்பிங் ஆர்ட்டிஸ்ட் ஒருவரிடம் கொடுங்கள். ஒளிபரப்பான 9 எபிசோடுகளையும் ஆச்சியின் வரிகளுக்கு மட்டும் மறுபடி டப் செய்து, மறுஒளிபரப்பில் அதைப் போடுங்கள். உதடு ஒத்துவராது என்று சொல்லிவிடாதீர்கள். ‘இருக்காரு’வும் ‘இருக்காவ’வும் ஒரே நீளம். ‘மாட்டாரு’, ‘மாட்டாவ’ ஒரே நீளம். ‘வந்தாங்க’ இருந்த இடத்தில் ‘வந்தாவ’ அப்படியே உட்காரும். சிக்கல் ‘சொல்றேன்’ போன்றவற்றில்தான். ‘சொல்லுதேன்’ ஓர் அசை கூடும். அங்கே முன்னால் இருக்கிற ‘நான்’ என்பதை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும். ‘பாக்குறேன்’ ‘பாக்கேன்’ ஆகும்போது ஓர் அசை குறையும். ‘பாக்கேம்லே’ என்றால் நிரம்பிவிடும். உதடு ஒட்டுகிற ப, ம எழுத்துகள் குளோஸப்பில் மட்டும் ஒத்துப்போனால் போதும். தூர ஷாட்டிலும், தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்த ஷாட்டிலும் அந்தக் கவலையே இல்லை.

ரப்பர் சோணையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். கறுப்பு மேக்கப்பை எடுத்துவிடுங்கள். ஆச்சி சிவப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும். பூசின நிறத்தைவிட அது நூறு மடங்கு மேல். மாதத்துக்கு ஒரு தடவையாவது டவுன் தெருவிலோ குறுக்குத்துறைப் படித்துறையிலோ வந்து எடுங்கள். எல்லாக் காட்சியிலும் அல்வாப் பொட்டலத்தைக் காட்டினால் அது நெல்லை ஆகிவிடாது.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்குச் சிறப்பு எபிசோட் என்று ப்ரோமோ போட்டிருக்கிறீர்கள். தேர் நாளில் இந்த ஊர் எப்படிப் பேசும் என்று ஊர் முழுக்கவே தெரியும். அன்றைக்கு ஒரு ‘ஏனுங்க’ வந்தால் யாரும் பொறுக்க மாட்டார்கள். அந்த எபிசோடை எடுப்பதற்கு முன்னால் வசனத்தாளை எங்களில் ஒருவரிடம் காட்டுங்கள். பணம் வேண்டாம், டைட்டிலில் பெயர் வேண்டாம். ஒரே நாளில் திருத்தித் தருகிறோம்.

அப்புறம், உரல். வசனம் எடுக்கும்போது உரலுக்குள் ஒரு ரப்பர்த் துண்டு போட்டுவிட்டு எடுங்கள், இடிச் சத்தத்தைப் பிறகு தனியாகச் சேருங்கள். இரண்டு இடி, நிறுத்தம், வசனம். உலக்கை இறங்கிய பிறகே ஷாட்டைக் கட் செய்யுங்கள், சிரிப்பொலியை அதற்கும் பின்னால் தள்ளுங்கள்.

இப்படிக்கு,
திருநெல்வேலி டவுன், பாளையங்கோட்டை, பேட்டை, மேலப்பாளையம், சேரன்மகாதேவியிலிருந்து
முதல் பாகத்தையும் இரண்டாம் பாகத்தையும் பார்த்தவர்கள்